துணிக்கம்பின் கனம்

இன்று காலை துணிக்கம்பைத் தூக்கும்போது உன் நினைப்பு வந்தது. ஈரத் துணியின் சோப்பு வாசனையும் பழைய மூங்கில் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் முதலில் கோபம் வந்தது, அதன் பிறகுதான் நீ வந்தாய். நீ போய் நாற்பது நாள் ஆகிறது. போனவர்களைத் திட்டக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் திட்டினால்தானே தப்பு, நான் உன்னிடமே சொல்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் உன் புத்தகம் கிடக்கிறது. போன வாரம் உன் கணவர் சுவா சூ காங்கில் எங்கள் வீட்டைத் தேடி வந்து, எங்கள் புளோக் லிஃப்டில் தடுமாறி, ஒன்பதாவது மாடிக்குப் பதில் எட்டில் இறங்கி, படியேறி மூச்சு வாங்க நின்றார். பாவம், நல்ல மனுஷன். உனக்கு வாய்த்ததெல்லாம் நல்லதாகத்தான் வாய்த்தது.

"சிஸ்டர், அவ கடைசியா கேட்டது இது ஒண்ணுதான். புத்தகம் தமிழ்ல வரணுமாம். வேற யார்கிட்டயும் குடுக்கக் கூடாதாம், நீங்கதான் செய்யணுமாம்."

"செய்யறேன் அண்ணே" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதும் என் வீட்டுக்காரர் அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார்.

"என்ன லா நீ, இவ்வளவு நடந்திருக்கு, சரின்னுட்ட?"

"நடந்ததாலதான் சரின்னேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்திருக்கும். என் புத்தி எப்படி ஓடும் என்பது உனக்குத் தெரிந்த அளவுக்கு நாற்பது வருஷம் கூடவே குடித்தனம் பண்ணுகிற அவருக்குத் தெரியாது.

நாம் பழகியது பதினேழு வயதில், உயர்நிலைக்கு மேல் படிக்கும்போது, தமிழ் வகுப்பில். நீ செம்பவாங் கப்பல் பட்டறைக் குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாய். எங்கள் வீடு சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால். வகுப்பில் தலையில் துண்டு போட்டிருந்தவள் நான் ஒருத்திதான். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பெயரைக்கூடக் கேட்காமல், "தொழும்போது உனக்கு என்னடி தோணும்?" என்றாய். "மதியம் என்ன குழம்புன்னு தோணும்" என்றேன். உனக்கு முகம் வாடிப்போனது. கடவுள் விஷயத்தில் நான் உன்னை ஏமாற்றுகிறேன் என்று அன்றைக்கே நினைத்துவிட்டாய்.

பிறகு நீ வெளிநாடு போய்ப் பெரிய படிப்புப் படித்து வந்தாய். நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். நீ பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குச் சூஃபிகளையும் வேதாந்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடம் எடுத்தாய். இறைவனில் தன்னை இழந்துபோவதை எங்கள் பக்கத்தில் பனா என்பார்கள். அந்தச் சொல்லை என் உம்மா சொல்லி நான் கேட்டதில்லை, எங்களுக்கு மார்க்கம் சொல்லித்தரும் ஆலிமா சொல்லிக் கேட்டதில்லை, நீ சொல்லித்தான் முதலில் கேட்டேன். அரபு எழுத்து ஐன் தொண்டையின் எந்த இடத்திலிருந்து வர வேண்டும் என்று எனக்கே திருத்தம் சொல்வாய். "அங்க ஒருத்தன் கரைஞ்சு போறான்டி, இங்க கரையறதுக்கு ஒருத்தனே இல்லங்கறாங்க. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றவன் ரெண்டையும் படிக்காதவன்" என்பாய். நான் டீயை ஆற்றிக்கொண்டே கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் கூட்டத்துக்கு நடுவே, மேசைக்கு அடியில் மீன் பையையும் கீரையையும் வைத்துக்கொண்டு, பனாவைப் பற்றிப் பேசிய பெண்கள் நாம் இருவராகத்தான் இருப்போம். அந்த ஞாயிறுகள் எனக்குப் பிடித்திருந்தன. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். அது நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று.

எனக்குப் பாதி நாள் விடுப்பு. வீட்டில் யாரும் இல்லை. மதியத் தொழுகை லுஹரை முடித்துவிட்டு, துவைத்த துணியைக் கம்பில் கோத்தேன். மகனின் பள்ளிச் சட்டை இரண்டு, அவருடைய கைலி இரண்டு, ஒரு பெட்ஷீட். ஈரப் பெட்ஷீட் ஏறினால் கம்பு என்ன கனம் கனக்கும் என்பது வீவக அடுக்குமாடி வீட்டில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். சமையலறை ஜன்னலுக்கு வெளியே சுவரில் இரும்புக் குழாய்கள் பதித்திருக்கும். துணியோடு கம்பை முழுதாக வெளியே நீட்டி, அதன் அடிமுனையைக் குத்துமதிப்பாக அந்தக் குழாய்க்குள் இறக்க வேண்டும். இறங்கும்வரை மொத்தக் கனமும் இரண்டு மணிக்கட்டிலும் நிற்கும். கீழே ஒன்பது மாடி.

கம்பை நீட்டினேன். முனை குழாயைத் தேடிக்கொண்டிருந்தது. அப்போது நான் இல்லாமல் போனேன்.

மயக்கம் இல்லை. எல்லாம் இருந்தது. மேற்கு வெயில் இருந்தது. எதிர் புளோக்கில் யாரோ நெத்திலி வறுக்கும் வாசனை இருந்தது. எல்ஆர்டி ரயில் வளைவில் திரும்பும் சத்தம் இருந்தது. கம்பின் கனம் இருந்தது, அதற்கு முன்னும் பின்னும் எந்தக் கனத்தையும் அவ்வளவு தெளிவாக நான் அறிந்ததில்லை. அதைத் தூக்கிக்கொண்டிருந்தவள் மட்டும் இல்லை. பெட்ஷீட் முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது, அது யாருக்கும் சொட்டவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. டொக்கென்று கம்பு குழாய்க்குள் இறங்கிய சத்தத்தில் திரும்பி வந்தேன்.

போனது எப்படி இருந்தது, வந்தது எப்படி இருந்தது என்பதை நான் உன்னிடம் சொல்லவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வியாழக்கிழமை பெண்கள் கூடி இறைவன் பெயரை உச்சரிக்கும் திக்ரு மஜ்லிஸில் எங்கள் ஆலிமா ஒரு விஷயத்தில் கண்டிப்பு. திக்ரில் உட்கார்ந்து சிலர் அழுவார்கள், சிலருக்கு உடம்பு நடுங்கும். முடிந்ததும் ஒருத்தரிடம் ஒருத்தர் என்ன ஆச்சு என்று கேட்கக் கூடாது. "உங்களுக்கு உள்ளுக்குள்ள ஏதாச்சும் நிலை, ஹால், வந்தா வாயை மூடிக்கங்க. அது அமானிதம்மா. ஒப்படைச்ச பொருளைத் தெருவுல காட்டிட்டுத் திரியக் கூடாது" என்பார். எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. ஆனால் எனக்கு உள்ளுக்குள் பயம், புத்தி பிசகிவிட்டதோ என்று. கோர்ட்டில் மனநல மருத்துவர்கள் சாட்சி சொல்வதை மாதத்துக்கு இரண்டு தடவையாவது மொழிபெயர்க்கிறவள் நான். அவர்கள் சொல்லும் அறிகுறி ஒவ்வொன்றையும் எனக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டு, பைத்தியம் இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். அதனால் தேக்காவில் நம் வழக்கமான மேசையில் வைத்துச் சொன்னேன்.

நீ டீயைத் தொடவே இல்லை.

"வெளிச்சம் இருந்துச்சா?"

"வெயில் அடிச்சுது."

"அது இல்லடி. உள்ளே."

"உள்ளேன்னு ஒண்ணு அப்போ இல்ல."

நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய், கம்பின் கனம் நின்ற அதே இடத்தில். "இருபது வருஷம் படிச்சேன்டி. நாலு மொழி கத்துக்கிட்டேன். விரதம் இருந்தேன், கண்ண மூடி உக்காந்தேன், ஆசிரமம் போனேன், தர்கா போனேன். எனக்கு ஒரு நாள் வரல. நீ பெட்ஷீட் காயப்போடுற, உனக்கு வருது." சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். "இத வேற யார்கிட்டயும் சொல்லிடாத, கெட்டுப் போயிடும்" என்றாய். என் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். பிடித்த வீட்டைப் பார்த்துவிட்டு, வேறு யாருக்கும் காட்டாதீர்கள் என்று சொல்லிப் போகிறவர்களின் அக்கறை அது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி கேட்டாய். அதற்கடுத்த ஞாயிறும். கடல் மாதிரி இருந்ததா? இல்லை. உடம்பு லேசானதா? இல்லைடி, கனத்தது. யாரோ இருக்கிற மாதிரி? யாரும் இல்லாத மாதிரி. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கிற வக்கீல்களை நான் ஆயிரம் பேர் பார்த்திருக்கிறேன். உன்னிடம் மட்டும் அது எனக்குத் தெரியாமல் போனது. நீ ஒரு தடவைகூடக் குறிப்பு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அன்றே உஷாராகியிருப்பேன்.

நாலு வருஷம் கழித்துப் புத்தகம் வந்தது. அறிமுக விழாவுக்கு இரண்டாவது வரிசையில் எனக்கும் அவருக்கும் இடம் போட்டிருந்தாய். நீ சேலையில் அழகாக இருந்தாய். முதல் அத்தியாயத்தை இங்கிலீஷில் வாசித்தாய். ஒரு விடியற்காலை, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், என்று ஆரம்பித்தது. கிழக்கு வெளுத்து உன் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. கையிலிருந்த கம்பு இறகைப் போல எடையற்றுப் போனது. அதன் பிறகு வெளிச்சம், அதன் பிறகு கடல். என் வீட்டுக்காரர் என் காதருகே குனிந்தார்.

"உன் கூட்டாளி வீட்டுல துணி காயவைக்க டிரையர்தானே இருக்கு?"

அவருக்கு அப்போது வேறு எதுவும் தெரியாது, உன் கொண்டோ அடுக்குமாடியில் ஜன்னலுக்கு வெளியே ஒரு கைக்குட்டை தொங்கினாலும் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வரும் என்று நீ புலம்பியது மட்டும் ஞாபகம். நான் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, அந்த அனுபவத்துக்குப் பிறகு உங்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்று கேட்டார். உனக்குக் குரல் தழுதழுத்தது. நீ எல்லாரையும் பார்த்தாய், இரண்டாவது வரிசையைத் தவிர.

சிற்றுண்டி மேசைக்குப் பக்கத்தில் உன்னைப் பிடித்தேன். என் கையில் யாரோ திணித்த கறிபாப் இருந்தது.

"அது என்னோடதுடி" என்றேன்.

நீ பதறுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ பதறவில்லை, தயாராக இருந்தாய். குரலைத் தாழ்த்தி, வகுப்பில் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாய். "அப்போ நீ அங்க இல்லன்னு நீதானே சொன்ன? இல்லாத ஆளுக்கு அது எப்படிச் சொந்தமாகும்? உங்க பெரியவங்களும் அதத்தான் சொல்றாங்க, எங்க பெரியவங்களும் அதத்தான் சொல்றாங்க. யாரோடதும் இல்லாதத எடுத்துச் சொன்னா அது திருட்டா?"

நாள் முழுக்க அடுத்தவர்களுக்காகப் பேசுகிற என்னிடம் எனக்காகப் பேச ஒரு வார்த்தை இல்லை. உன்னை யாரோ போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். நீ என் தோளைத் தட்டிவிட்டுப் போனாய். அந்தத் தட்டலை மட்டும் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

கோர்ட்டில் என் வேலை எப்படி என்று உனக்குத் தெரியும், அதை வைத்து எத்தனை தடவை என்னைக் கிண்டல் செய்திருக்கிறாய். சாட்சி, நான் அவனை வெட்டினேன் என்றால் நானும் இங்கிலீஷில் நான் வெட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் வெட்டினாராம் என்று சொல்லக் கூடாது. முதல் வருஷத்தில் அப்படிச் சொல்லி நீதிபதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். முப்பது வருஷத்தில் நான் திருடியிருக்கிறேன், பொய் சொல்லியிருக்கிறேன், பெண்டாட்டியை அடித்திருக்கிறேன். கப்பல் பட்டறையில் விரல் போனவன் நான், கிராஞ்சி விடுதியில் கூட்டாளியைக் கத்தியால் கீறியவன் நான். ஆனால் அந்த அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது என் கதை இல்லை என்று தெரியும். சத்தியம் செய்துவிட்டுத்தான் உட்காருகிறேன், கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று. நீயும் என் இடத்தில் நின்று நான் என்றாய். கூட்டினாய், குறைத்தாய், உண்மையில் அது யார் என்பதை ஒருத்தருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டாய். அதற்குக் கை தட்டினார்கள்.

திருட்டா என்று நீ கேட்ட கேள்விக்குப் பதில் மூன்று வருஷம் கழித்து வந்தது. கிராஞ்சியில் ஒரு நர்சரிக்குச் செடி வாங்கப் போய், பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தபோது. அது என்னுடையது இல்லை, சரி, ஒப்புக்கொள்கிறேன். உன்னுடையதும் இல்லையே, அப்புறம் எதற்கு அட்டையில் உன் பெயர்? யாரும் இல்லாத இடத்தைப் பற்றிய புத்தகத்தில் பக்கத்துக்குப் பத்து தடவை நான், நான் என்று எழுதியிருக்கிறாய். அங்கே நடந்தது யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்கட்டும், தேக்காவில் உன் காதில் நான் சொன்ன வார்த்தை எனக்குச் சொந்தம். உன்னை நம்பி ஒப்படைத்தது. பஸ் வருவதற்குள் மனப்பாடமாகிவிட்டது. உன்னைப் பார்த்தால் சொல்ல வேண்டும் என்று பல வருஷம் பையில் வீட்டுச் சாவியோடு சாவியாக வைத்திருந்தேன்.

பெயர் போனதற்காக நான் இவ்வளவு கறுவவில்லை. அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் புத்தகம் வருவதற்கு முன்பு வரை, துணி காயப்போடும் நேரத்தில், தொழுகையில் நெற்றி தரையில் படும் நேரத்தில், அந்தக் கனம் லேசாக ஞாபகம் வரும். அது போதும், அன்றைய பொழுதுக்கு. புத்தகத்தைப் படித்த பிறகு அது வரும் இடத்தில் உன் வாக்கியங்கள் வந்தன. கம்பைத் தூக்கினால் இறகு என்கிறாய். கண்ணை மூடினால் கிழக்கு வெளுக்கிறது. எங்கள் சமையலறை ஜன்னல் மேற்குப் பார்த்தது, அதில் எந்த ஜென்மத்திலும் விடியாது. ஆனாலும் இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த மதியத்தில் எனக்கு வெளிச்சம் தெரிகிறது. நீ வைத்த வெளிச்சம். உண்மையில் இருந்ததா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. எனக்கென்று இந்த உலகத்தில் ஒரே ஒரு தடவை நடந்த ஒன்றை, என் தலைக்குள் புகுந்து மாற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாய். உன்னிடம் சொல்லாமல் விட்ட அந்த ஒன்று மட்டும் அழுக்குப் படாமல் மிஞ்சியது.

பதினேழு வருஷம் பேசவில்லை. நீ பெருநாளைக்கு மெசேஜ் அனுப்புவாய், நான் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். தீபாவளிக்கு நான் அனுப்பியதில்லை.

பிறகு உன் கணவர் போன் செய்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மதியம் மூன்று மணி இருக்கும். அவரை டீ குடிக்கப் போகச் சொல்லி அனுப்பிவிட்டாய். படுக்கையில் நீ பாதிகூட இல்லை. உன் மணிக்கட்டைப் பார்த்தேன், ஊசி குத்திக் குத்திக் கறுத்திருந்தது. கிராஞ்சியில் மனப்பாடம் செய்தது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. நீ முந்திக்கொண்டாய், எப்போதும் போல.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீ சொல்லாம விட்டது."

"என்ன?"

"போறப்போ பயமா இருந்துச்சாடி?"

கட்டில் பக்கத்தில் உன் புத்தகம் இருந்தது, உன்னைப் பார்க்க வந்த மாணவர்கள் கையெழுத்துக்குக் கொண்டுவந்து விட்டுப்போனது போல. அதை எடுத்தேன்.

"அதான் நாலாவது அத்தியாயத்துல எழுதியிருக்கியே. பயம் அலையாக வந்து அலையாகப் போனதுன்னு. படிச்சுக் காட்டவா?"

நீ கண்ணை மூடிக்கொண்டாய். "அது நானா கட்டுனதுடி."

"தெரியும்."

"சொல்லேன். இனிமே யார்கிட்ட போய் எழுதப் போறேன்."

பதினேழு வருஷம் காத்திருந்த வாக்குமூலம் அது. நீதிபதி இல்லை, கூட்டம் இல்லை, நீயே உன் வாயால் சொல்லிவிட்டாய். போதும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. உன்னிடம் நான் பார்த்த ஆசை பழைய ஆசைதான், தேக்கா மேசையில் பார்த்த அதே ஆசை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி பொய். உன் கண்ணில் இருந்தது பயம், சாதாரணமான மனுஷப் பயம், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. புத்தகத்தை மேசையில் வைத்தேன். போர்வையைக் காலடியில் சரிசெய்தேன்.

"அப்போ அங்க நான்தான் இல்லையேடி. இல்லாத ஆளுக்குப் பயம் இருந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

உன் பதிலை உனக்கே திருப்பிக் கொடுத்தேன். நீ சிரிக்க முயன்றாய். நல்லா சொன்னடி என்பது போல விரலை ஆட்டினாய். நான் உன் தோளைத் தட்டினேன். அந்தத் தட்டலுக்கு இந்தத் தட்டல். பிறகு பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய், உன்னை மண்டாயில் தகனம் செய்தார்கள். உன் கணவர் என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கடைசியாக உட்கார்ந்தவள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது இந்தப் புத்தகம். அதை ஏன் என்னிடம் கொடுக்கச் சொன்னாய் என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். திருப்பிக் கொடுப்பதாக நினைத்தாயா? தமிழில் நான் என்று நானே எழுதிக்கொள்ளட்டும் என்று? அல்லது விடுபட்ட அந்த ஒன்றை, எழுதும்போதாவது தாங்க முடியாமல் நானே சேர்த்துவிடுவேன் என்று கணக்குப் போட்டாயா? உன்னை எனக்குத் தெரியும், இரண்டும்தான்.

என்னையும் உனக்குத் தெரியும் அல்லவா? சத்தியம் செய்து உட்கார்ந்த வேலை போலத்தான் செய்கிறேன். கூட்டாமல், குறைக்காமல். உன் விடியற்காலை அப்படியே இருக்கும். உன் கடல் இருக்கும். நேற்று இறகு வாக்கியத்துக்கு வந்தேன். ஈரத் துணியோடு கம்பு இறகைப் போல எடையற்றுப் போனது, என்று சுத்தமான தமிழில், ஒரு சொல் பிசகாமல் எழுதினேன். இங்கிலீஷில் படித்த பேராசிரியர்களுக்கு அது உறுத்தவில்லை. தமிழில் படிக்கப் போகிறவர்கள் நம் பெண்கள். ஈசூனிலும் பிடோக்கிலும் சுவா சூ காங்கிலும் ஆயுசுக்கும் கம்பு தூக்கித் தோள்பட்டை போனவர்கள். அந்த வரியில் வந்து நிற்பார்கள். இந்தம்மா வாழ்க்கையில் ஒரு நாளும் துணி காயப்போட்டதில்லை என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும். நான் ஒரு குறிப்பும் எழுத மாட்டேன், முன்னுரை எழுத மாட்டேன், உன்னைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். உன் சொந்த வாக்கியமே உன்னைக் காட்டிக் கொடுக்கும். எழுதி முடித்து பேனாவை வைத்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. இதன் ருசி தெரிந்து சிரிக்கக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள், அவளை எரித்துவிட்டார்கள்.

இன்று காலை கம்பைத் தூக்கினேன். பெட்ஷீட்தான். இப்போதெல்லாம் தோள் ஒத்துழைப்பதில்லை, அவர் பின்னால் வந்து பிடித்துக்கொள்கிறார். முனை குழாயைத் தேடிக்கொண்டிருந்தபோது கனத்துக்குப் பதிலாக, இறகுக்கும் பதிலாக, உன் கேள்வி வந்தது. போறப்போ பயமா இருந்துச்சாடி?

சரி, கேள். இப்போது உன்னால் எதிலும் எழுத முடியாது.

போகும்போது பயம் இல்லை. துளிகூட இல்லை. பயப்படுவதற்கு முந்தியே பயப்படுகிறவள் போய்விட்டாள், அவ்வளவு எளிது அது. கதவு, படி, இருட்டு ஒன்றும் இல்லை. பயம் வந்தது திரும்பி வந்தபோதுதான். டொக்கென்று கம்பு இறங்கியது, கை என் கையாயிற்று, நான் மறுபடியும் நானாகிவிட்டேன். அடுப்படித் தரையில் உட்கார்ந்து, ரேடியோவில் மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்கும்வரை அழுதேன், ஏன் என்னைத் திருப்பி அனுப்பினாய் என்று இறைவனிடம் கேட்டு. அதைத்தான் உன்னிடம் மறைத்தேன். பெற்ற பிள்ளையும் கட்டிய புருஷனும் இருக்கிற வீட்டுக்குத் திரும்பி வந்ததற்கு அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நீ திரும்பி வரப் போகிறவள் இல்லை. பயம் வருகிற பாதி உனக்குக் கிடையாது. பயம் இல்லைடி, போ என்று ஆஸ்பத்திரியில் நான் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மூன்று வார்த்தை. அந்த மூன்று நாளும் நீ அந்தப் பதில் இல்லாமல் கிடந்தாய், நான் இங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

உன் புத்தகத்தில் அது இல்லை. தமிழிலும் இருக்காது, நான் எதையும் கூட்டுகிறவள் இல்லை. முப்பது வருஷத்தில் எந்தக் கொலைகாரனுக்கும் ஒரு வார்த்தையைக்கூட நான் குறைத்ததில்லை. குறைத்தது உனக்கு மட்டும்தான்.